தெரிந்த ஆட்களை வைத்து வேலை நடத்துவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஐந்து பேரிலிருந்து முப்பது பேர் வரை வைத்துக் கடையோ ஆலையோ நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கோண்டாவில் பக்கம் ஒரு மிளகாய்த்தூள் ஆலையில் மேற்பார்வை செய்கிறேன். வறுப்பது, அரைப்பது, பைக்கற்றில் அடைப்பது, முன்னால் ஒரு விற்பனைக் கடை, எல்லாம் சேர்த்துப் பதினெட்டுப் பேர். இதில் முன்பின் தெரியாமல் வந்தவர் என்று ஒருவரும் இல்லை. ஒருவர் முதலாளியின் மச்சாளின் மகன். இரண்டு பேர் ஒரே ஒழுங்கையிலிருந்து வருகிறார்கள். இன்னொருவரைக் கோயில் பரிபாலன சபையில் இருக்கிற ஐயா சொல்லிச் சேர்த்தோம்.

முகாமைத்துவம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் வேலை வேறு, உறவு வேறு என்று தொடங்குவார்கள். எங்கள் ஊரில் அது சரிவராது. வீட்டில் அன்ரி என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆலைக்குள்ளும் அன்ரி என்றுதான் கூப்பிடும். கூப்பிடட்டும், அதனால் ஒரு நட்டமும் இல்லை. காசு, நேரம், யார் சொல்வது முடிவு என்ற மூன்றை மட்டும் உறவிலிருந்து எடுத்து எழுத்தில் வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பழையபடி இருக்கலாம். நான் பார்த்த சண்டைகளில் அநேகமானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டதால் வந்தவை.

ஆளை எடுக்கும்போது

பெரும்பாலும் தாய்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார். தேத்தண்ணி குடித்துக் கதைக்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். "சொன்ன வேலையைச் செய்வான், நல்ல பிள்ளை" என்பார். அந்த இடத்திலேயே ஓம் என்று சொல்லிவிடாதீர்கள். செத்தல் மிளகாய் வறுக்கிற நாளாகப் பார்த்துப் பொடியனை வரச் சொல்லுங்கள். முகக்கவசத்தைக் கொடுத்து, வறுக்கிற இடத்தில் ஒரு அரை மணித்தியாலம் நிற்கட்டும். தும்மல் வரும், கண் எரியும், சட்டையில் ஏறிய மணம் வீட்டுக்குப் போனாலும் போகாது. அதைப் பார்த்துவிட்டு "எனக்குச் சரிவராது" என்று சொல்கிறவர் அன்றைக்கே சொல்லிவிடுவார், யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால்தான் இரண்டு வீட்டுக்கும் முகம் முறியும்.

பிறகு ஒரு கிழமை வேலை செய்ய விட்டுப் பாருங்கள். அந்தக் கிழமைக்குரிய காசை முழுதாகக் கொடுக்க வேண்டும். பழகுகிற நேரம்தானே என்று சும்மா வேலை வாங்குவது சட்டத்துக்கும் பிழை, ஊருக்குள் பெயரும் கெடும்.

எடுப்பது என்று முடிவானதும், சிபாரிசு செய்தவரையும் கூப்பிட்டு இருத்தி, பிள்ளையின் முன்னாலேயே நான் இப்படிச் சொல்வேன்: "அன்ரி, தம்பியை எடுக்கிறம். இனி வேலை விசயம் எதெண்டாலும் நான் தம்பியோடதான் கதைப்பன். நல்லதெண்டாலும் பிழையெண்டாலும் உங்களிட்டச் சொல்ல மாட்டன். நீங்களும் என்னைக் கேக்காதேங்கோ." சொல்லும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால், அவன் இரண்டு நாள் பிந்தி வந்த கதை கோயில் வீதியில் வைத்துத் தாயின் காதுக்குப் போகும். தாய் அவனை ஏசுவார். அவன் நீங்கள்தான் போட்டுக்கொடுத்தீர்கள் என்று நினைப்பான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு உண்மையும் உங்களுக்கு வராது.

நியமனக் கடிதம் ஒரு பக்கம் போதும், தமிழில் இருக்க வேண்டும். என்ன வேலை, யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவது, சம்பளம் எவ்வளவு, என்ன திகதியில், லீவு எத்தனை நாள், வேலையை விட்டு நிற்பதென்றால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு விடாதீர்கள். இருந்து ஒருதடவை வாசித்துக் காட்டுங்கள். "யாரிடம் கேட்க வேண்டும்" என்ற வரியில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். முதலாளியின் மச்சான் தான் என்றாலும், அந்த வரியில் பெயர் இல்லாதவர் வேலை சொல்லக்கூடாது.

காசு

ஐந்தாம் திகதி சம்பளம் என்றால் ஐந்தாம் திகதி கொடுக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். சீட்டுக் காசு, அடைவு நகையின் வட்டி, பிள்ளையின் ரியூசன் காசு எல்லாம் அந்தத் திகதியை நம்பித்தான் நிற்கின்றன. இரண்டு நாள் பிந்தினால் ஒருவரும் உங்களிடம் வந்து கேட்கமாட்டார்கள். கேட்கவில்லை என்பதற்காகப் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். யாரிடமோ கைமாற்று வாங்கியிருப்பார்கள், அந்த வெட்கத்தையும் மனதில் வைத்திருப்பார்கள்.

ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி விசயத்தை இளம் ஆட்களுக்கு விளக்கியே ஆக வேண்டும். "என்ரை காசை ஏன் வெட்டுறியள்?" என்று கேட்காத பொடியன் இல்லை. நான் ஒரு தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். உன்னிடம் வெட்டுவது 8 வீதம், 3,200 ரூபாய். நாங்கள் போடுவது 12 வீதம், 4,800 ரூபாய். அதற்கு மேலே ஈ.டி.எஃப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 1,200 ரூபாய், அதுவும் நாங்கள்தான். ஆக 3,200 கொடுக்கிற உன்னுடைய பெயரில் மாதம் 9,200 சேருகிறது. கணக்கு முடிந்ததும் பொடியன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். சம்பளத் துண்டிலும் இந்த மூன்று எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குரிய ஈ.பி.எஃப். காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும். வெட்டிய காசைக் கட்டாமல் வைத்திருந்த இடங்களில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெறும் சொல் போதாது, கட்டிய பற்றுச்சீட்டைக் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.

சம்பளத்தை இரகசியமாக வைக்கலாம் என்று எண்ணி எதையும் தீர்மானிக்காதீர்கள். காலையில் கொடுத்தது பின்னேரம் ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருக்கும். ஒரே வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருவருக்குக் கூடக் கொடுக்கிறீர்கள் என்றால், அதற்கான காரணம் எல்லோருக்கும் முன்னால் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் வறுக்கவும் தெரிந்தவர், கணக்கும் பார்க்கிறார், ஐந்து வருடமாக இருக்கிறார், இவை சொல்லக்கூடிய காரணங்கள். முதலாளியின் சொந்தம் என்பது அப்படியான காரணம் இல்லை. சொந்தக்காரருக்கு உதவி செய்ய விரும்பினால் முதலாளி தன் சொந்தக் காசிலிருந்து வீட்டில் வைத்துக் கொடுக்கட்டும். சம்பளப் பட்டியலில் அது வரக்கூடாது.

அட்வான்ஸுக்கும் ஒரு விதி வேண்டும். எங்களிடம் 15 ஆம் திகதிக்குப் பிறகு, சம்பளத்தில் கால்வாசி வரை, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்து. எல்லோருக்கும் இதுதான். ஆஸ்பத்திரி, செத்தவீடு இதில் சேராது, அதற்கு அந்த நேரம் பார்த்துச் செய்வோம். மாதா மாதம் அட்வான்ஸ் கேட்கிறவர் இருந்தால் அவரைக் கட்டுப்படுத்துவதற்கு முன் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பல வீடுகளில் நுண்கடன் காசுக்குக் கிழமை தோறும் ஆள் வந்து படலையில் நிற்கிறார். அந்தக் கிழமை வேலையில் கவனம் ஏன் சிதறியது என்பதும் அப்போது விளங்கும்.

வாய் திறக்க வைப்பது

ஆட்களை நடத்துவதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் பிழையை மறைக்கிறார்கள் என்று பல முதலாளிமார் சொல்வார்கள். நான் பார்த்தவரை மறைப்பதற்குக் காரணம் பயம் மட்டுமல்ல, மரியாதையும்தான். ஒரு நாள் 250 கிராம் பைக்கற்றுகளை லொறியில் ஏற்றுவதற்கு முன் இரண்டொன்றை எடுத்து வேறு தராசில் வைத்துப் பார்த்தேன். 243 காட்டியது. இன்னொன்று 242. அடைக்கிற மேசைத் தராசு மெல்ல மெல்ல விலகிப்போயிருந்தது. மேசையில் நிற்கிற பிள்ளைக்குக் கை அசாத்தியமான கை, பைக்கற்றைப் பிடித்தாலே குறைவு தெரிந்துவிடும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தெரியும் அக்கா. காலமையே தெரியும். ஆனா தராசு பாக்கிறது பெரியக்கா எல்லே. நான் சொன்னா அவவைப் பிழை சொன்ன மாதிரி."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. தன்னைவிட இருபது வயது மூத்த ஒருவரைச் சபையில் வைத்துக் குறை சொல்லக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்ததைத்தான் செய்தாள். ஏன் சொல்லவில்லை என்று ஏசினால் அவள் அழுவாளே தவிர, அடுத்த தடவையும் சொல்லமாட்டாள். ஆகவே யாரையும் குற்றம் சொல்லாமல் பிழை வெளியே வருவதற்கு ஒரு வழியைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு எடைக்கல், ஒன்று 200 கிராம், மற்றது 50. மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டோம். காலையில் தொடங்கும்போது, சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னேரம் மூன்று மணிக்கு, அந்த நேரம் மேசையில் நிற்கிறவர் கல்லை வைத்து, தராசு காட்டுவதை அப்படியே எழுத வேண்டும். 250 வராவிட்டால் அடைப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். இப்போது தராசு பிழை என்று எழுதுவது கொப்பி வேலை, பெரியக்காவைப் பற்றிய கதை இல்லை. பெரியக்காவே ஒருநாள் 247 என்று எழுதிவிட்டு வந்து கூப்பிட்டார்.

உங்கள் இடத்தில் தராசு இல்லாமல் இருக்கலாம். காசு மேசை இருக்கும், களஞ்சியம் இருக்கும், வாடிக்கையாளர் கடன் கொப்பி இருக்கும். எங்கே பிழை வந்தால் ஒரு மூத்தவரின் பெயர் இழுபடும் என்று பாருங்கள். அந்த இடத்தில் ஆளைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கிற ஒரு சோதனையை வையுங்கள்.

வேலை சொல்லிவிட்டு "விளங்கிச்சுதோ?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கு ஓம் என்பதைத் தவிர வேறு பதில் வராது. விளங்கவில்லை என்றால் சொன்னவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று ஆகிவிடும், அதை ஒரு இளையவர் மூத்தவர் முகத்துக்கு நேரே சொல்வாரா? நான் கேட்பது, "சரி, முதல் என்ன செய்யப் போறாய்?" என்றுதான். வறுக்கப் பழகுகிறவரிடம், "மல்லியை எப்ப இறக்குவாய்?" என்பேன். புதியவர் "நிறம் மாறேக்க" என்பார். நிறத்தைப் பார்த்து இறக்கினால் பிந்திவிடும், தாச்சியின் சூட்டிலேயே அது இன்னும் கறுக்கும். பழைய ஆள் மூக்கையும் விரலையும் நம்புவார். பச்சை வாசனை போய் மணம் எழும்பும்போது இரண்டு மணியை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்ப்பார், நொறுங்கினால் உடனே கொட்டுவார். புதியவருக்கு எது தெரியாது என்பது அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடுகிறது, அவருக்கும் வெட்கமாகப் போகாது.

பிழையை வந்து சொன்னவரிடம் நீங்கள் முதலில் சொல்லும் சொல்லை முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள். அந்த நேரம் யோசித்தால் கோபம்தான் வரும். நான் மூன்று கேள்விக்குப் பழகியிருக்கிறேன். எவ்வளவு போயிருக்கு? எங்க நிக்குது இப்ப? என்ன செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்? யார் செய்தது என்பதை அன்றைக்குக் கேட்பதில்லை. சுற்றி நிற்கிறவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் சொன்னதற்கு என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் நாளைக்குத் தாங்கள் சொல்வதா இல்லையா என்று தீர்மானிப்பார்கள்.

இப்படிச் செய்யத் தொடங்கியதும் கொப்பியில் பிழைகள் கூடும். முதலாளி பயந்துபோவார். 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் பார்த்தபோது, நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள விடுதிகளில் பதிவான பிழைகள் கூடுதலாக இருந்தன. அங்கே பிழை கூடுதலாக நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது, தாதியர் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். முதலாளிக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். கொப்பி வெறுமையாக இருக்கும் இடத்தில்தான் நான் போய் இரண்டு பைக்கற்றைக் கூடப் பிரித்துப் பார்ப்பேன்.

கூடுதலாக வேலை செய்கிறவரைத் தனிமைப்படுத்தாதீர்கள்

பைக்கற் அடைக்கிற மேசையில் ஒரு பிள்ளை மற்றவர்களைவிட வேகமாகச் செய்வாள். கொஞ்ச நாளில் அவளும் மற்றவர்களின் வேகத்துக்கு இறங்கிவிடுவாள். சோம்பல் என்று எண்ண வேண்டாம். சிக்காகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹோதோர்ன் ஆலையில் 1931, 32 இல் 14 ஆண்களை ஒரு அறையில் வைத்து அவதானித்தார்கள். கூடச் செய்தால் கூடக் காசு என்ற ஏற்பாடு இருந்தது. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே தங்களுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினவனுக்குப் பட்டம் வைத்துக் கேலி செய்தார்கள், புயத்தில் குத்தினார்கள். நாங்கள் கூடச் செய்து காட்டினால் நிர்வாகம் கூலியைக் குறைக்கும், இல்லாவிட்டால் ஆட்களைக் குறைக்கும் என்ற பயம் அது.

எங்கள் மேசையிலும் அதே பயம்தான். அதனால் வேகமானவளைக் காட்டி "இவளைப் போல ஏன் நீங்கள் செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள். அன்று சாப்பாட்டு நேரம் அவள் தனியாக இருப்பாள். நாளுக்கு இத்தனை பைக்கற் என்று ஒரு அளவு வைத்தால், அதை ஒரு வருடத்துக்குக் கூட்டமாட்டோம் என்று எழுதி ஒட்டுங்கள், சொன்னபடி நில்லுங்கள். அளவுக்கு மேலே செய்ததற்கான காசை மேசை முழுவதற்கும் சேர்த்துக் கொடுங்கள். வேகமானவள் தன் உத்தியை மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதை அதன்பிறகுதான் பார்த்தேன். பைக்கற்றின் வாயை இடது பெருவிரலால் மடித்துப் பிடிப்பது, அவ்வளவுதான் அந்த உத்தி.

மூட்டை இறக்குவது வேறு விதம். கொழும்பிலிருந்து மல்லி லொறி வந்தால் "எல்லாரும் வாங்கோ" என்று கூப்பிட்டால் ஆறு பேர் வருவார்கள், நான்கு பேரின் வேலைதான் நடக்கும். மக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்ததும் இதைத்தான்: ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுப்பது குறைகிறது. யார் லொறிக்குள், யார் தோளில், யார் அடுக்குவது, யார் எண்ணி எழுதுவது என்று பெயர் சொல்லிப் பிரித்தால் நான்கு பேர் போதும்.

மூத்தவரைத் திருத்துவது

என்னைவிட வயது கூடிய பலர் எனக்குக் கீழே வேலை செய்கிறார்கள். மேற்பார்வையாளர் ஆனதால் நான் பெரியக்காவுக்கு மூத்தவள் ஆகிவிட மாட்டேன். அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் எல்லோரும் போன பிறகு, அவரை இருத்தி, நானும் இருந்துதான் கதைப்பேன். நின்றுகொண்டு சொன்னால் அது கட்டளையாக விழும். சுற்றிவளைப்பதும் கூடாது. உவமை கதை எல்லாம் சொல்லிக் கடைசியில் விசயத்துக்கு வந்தால், "இவள் என்னத்தையோ மறைக்கிறாள்" என்றுதான் தோன்றும்.

"அக்கா, போன கிழமை அரைச்சதில இரண்டு பொதி சூட்டோட அடைச்சிருக்கு. உள்ளுக்கு வேர்த்துக் கட்டி பட்டிட்டுது, கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டார். ஆற விட இடம் காணாதா, நேரம் காணாதா?" என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, ஏன் என்று நினைக்கிறீர்கள், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. நீங்கள் எப்பவும் இப்படித்தான், உங்களுக்குக் கவனம் இல்லை, இந்த வயதில் என்ன செய்வது, இந்தச் சொற்கள் ஒன்றும் வாயில் வரக்கூடாது. அன்று அக்கா சொன்னது, "இடம் காணாது பிள்ளை. வறுத்த மிளகாயைக் கொட்டி வைச்சிருக்கிறாங்கள்." உண்மையில் அதுதான் காரணம். தட்டு வைக்க இன்னொரு பலகை அடித்தோம்.

கதைத்து முடிந்தால் அந்த விசயமும் முடிந்தது. அடுத்த நாள் வழக்கம் போல அவரிடம் ஒரு யோசனை கேளுங்கள். திரும்பத் திரும்ப அதே பிழை நடந்தால் மட்டும் எழுத்தில் கொடுக்க வேண்டும். திகதி, நடந்தது, முன்பு கதைத்த திகதி, எதிர்பார்ப்பது, அவருடைய பதிலுக்கு இடம். உறவினர் என்பதற்காக இந்தக் கடிதத்தைத் தவிர்க்காதீர்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

லீவு

செத்தவீட்டுக்கு லீவு கேட்டால் யாருடைய செத்தவீடு என்று விசாரிக்காதீர்கள். போகட்டும். அந்தியேட்டி, கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாம் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். அவற்றை மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியில் அவரவரே எழுத வேண்டும் என்று வைத்தால் பாதிக் கரைச்சல் குறையும்.

கடினமான காலம் ஓகஸ்ட் பக்கம். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றம், தேர், தீர்த்தம் மூன்றுக்கும் சைவ ஆட்கள் எல்லோரும் கேட்பார்கள். கத்தோலிக்க ஆட்களுக்கு ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. கடையில் சனம் நிறைய வருகிற காலமும் அதுதான். யூலை தொடக்கத்திலேயே எல்லோரையும் இருத்தி, யார் எந்த நாள் என்று அவர்களையே பங்கிட விடுங்கள். நீங்கள் பங்கிட்டால் ஓரவஞ்சனை என்பார்கள். தேரன்று வேலைக்கு நிற்கிற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக மடுத் திருவிழாவன்று சைவப் பிள்ளைகள் வேலைக்கு நிற்பார்கள், இது தானாகவே நடக்கிற விசயம், இடம் கொடுத்தால் போதும்.

கடைப் பக்கம் நிற்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே என்றால் மேலதிக நேரக் காசு ஒன்றரை மடங்கு. திருவிழாக் காலத்தில் இரவு பத்து மணி வரை நிற்க வைத்துவிட்டுக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பது நல்ல மனம்தான், ஆனால் அது மேலதிக நேரக் காசுக்குப் பதில் ஆகாது. பிள்ளைப்பேற்று லீவு 84 வேலை நாள். பெண்கள் கூடுதலாக வேலை செய்யும் இடத்தில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்வரை யார் நிற்பது என்பதை அவளோடு சேர்ந்து திட்டமிடுங்கள், அப்போதுதான் திரும்பி வருவாள்.

போகிறவர்கள்

போகத்தான் போகிறார்கள். கனடா, பிரான்ஸ், கட்டார், இல்லாவிட்டால் கலியாணம் கட்டி வவுனியா. ஏஜென்சிக்குக் காசு கட்டிய பிறகும் கடைசி நாள் வரை மூச்சு விடமாட்டார்கள். கண்ணூறு ஒரு காரணம். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்பது பெரிய காரணம். அந்த இரண்டாவது பயத்தை மட்டும் உங்களால் தீர்க்க முடியும். முன்னதாகச் சொன்ன ஒருவரைக் கடைசி நாள் வரை முழுச் சம்பளத்தோடு வைத்திருந்து, சேவைக் கடிதமும் கொடுத்து அனுப்புங்கள். அடுத்தவர் தானாக வந்து சொல்வார். எந்த வேலையும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்ற நிலையில் இருக்கவும் கூடாது. எங்களிடம் வறுப்பதற்கு மூன்று பேர், அதில் ஒருவர் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் தாச்சியில் நிற்பார், கை மறக்காமல் இருப்பதற்காக.

பதினைந்து பேரைத் தொட்டுவிட்டால் இரண்டு சட்டங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் முடித்தவர் போகும்போது, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை, 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி, 30 நாளுக்குள். மற்றது 1971 ஆம் ஆண்டின் வேலை நீக்கச் சட்டம். வியாபாரம் குறைந்துவிட்டது என்று ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நிற்கச் சொல்ல முன் ஒருதடவை தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேளுங்கள்.

கமராவுக்கு அப்பால் இருக்கிறவர்கள்

இப்போது யாழ்ப்பாணத்தில் பல இடங்களின் காசு வெளியிலிருந்து வருகிறது. அண்ணர் ரொறன்ரோவில், தம்பி கடையில். அங்கே நடுச்சாமம் என்றால் இங்கே காலை ஒன்பதரை, பத்தரை. நித்திரை வராத நேரம் போனில் கமராவைத் திறந்து பார்ப்பார். ஒரு பிள்ளை சுவரில் சாய்ந்து நிற்பது தெரியும். உடனே அந்தப் பிள்ளைக்கே வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுப்பார். அந்தப் பிள்ளை அரைவை முடியக் காத்துக்கொண்டு நின்றிருக்கும். அடுத்த நாளிலிருந்து எல்லோரும் கமராவுக்குத் தெரியும்படி எதையாவது துடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

காசு போட்டவருக்குக் கேட்க உரிமை உண்டு. அதனால் அவரோடு சண்டைக்குப் போகாமல், சரியான வழியை அவருக்கே கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நேரம் வைத்து, அந்தக் கிழமை அரைத்தது, விற்றது, திரும்பி வந்தது, பிழைக் கொப்பியில் எழுதியது எல்லாவற்றையும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். இடையில் கமராவில் ஏதாவது பார்த்தால் நேரத்தைக் குறித்து உங்களுக்கு மட்டும் செய்தி போடட்டும், அன்றைக்கே பதில் சொல்வதாக உறுதி கொடுங்கள். வேலை செய்கிறவர்களுக்கு அவர் நேரே அழைப்பு எடுப்பது பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துச் சொல்ல மட்டும். இதையும் எழுதி, அவரிடமிருந்து ஓம் என்று பதில் வாங்கி, நியமனக் கடிதங்கள் இருக்கிற அதே கோப்பில் வையுங்கள். சாப்பிடுகிற அறையில் இருக்கும் கமராவைக் கழற்றிவிடுங்கள்.